கூர்ப்பும் மதங்களும்: ஒற்றை வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

‘கூர்ப்புக் (பரிணாமக்) கொள்கையை மதங்கள் எதிர்த்தன’ என்று உயர்தர உயிரியல் மாணவர்களுக்கு ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது பாதி உண்மைகூட இல்லை.

கூர்ப்பை முன்வைத்த டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ நூல் 1859 நவம்பரில் வெளிவந்தது. முன்கூட்டியே பிரதி கிடைத்த அங்கிலிக்கன் குரு சார்ள்ஸ் கிங்ஸ்லி, தாமே விருத்தியடையக்கூடிய உயிர்வடிவங்களை இறைவன் படைத்தார் என்பதும் உயர்ந்த இறைநம்பிக்கையே என்று அவருக்கு எழுதினார். 1860 ஜனவரியில் வந்த இரண்டாம் பதிப்பில் டார்வின் அக்கருத்தைச் சேர்த்துக்கொண்டார். அதே ஆண்டு ஜூனில் ஒக்ஸ்போர்டில் கடுமையாக எதிர்த்துப் பேசிய ஆயர் வில்பர்போர்ஸும் அதே திருச்சபையைச் சேர்ந்தவர்தான்.

கத்தோலிக்கத் திருச்சபை அந்நூலைத் தடைநூற் பட்டியலில் சேர்க்கவே இல்லை. 1950இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர், மனித உடலின் தோற்றத்தை ஆராயலாம், ஆன்மாவை மட்டும் இறைவனே நேரடியாகப் படைக்கிறார் என்றார். இந்த உடல்-ஆன்மா வேறுபாட்டை விட்டுவிட்டுப் படிப்பித்தால் பிள்ளைகளுக்குக் குழப்பமே மிஞ்சும். லெபனானின் இஸ்லாமிய அறிஞர் ஹுசைன் அல்-ஜிஸ்ர், கூர்ப்பு ஐயமற நிரூபிக்கப்பட்டால் குர்ஆன் வசனங்களை அதற்கிசைய விளக்கலாம் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார்.

மனிதக் கூர்ப்பைக் கற்பிப்பதைத் தடைசெய்த அமெரிக்காவின் டெனசி மாநிலச் சட்டத்தை மீறியதாக ஆசிரியர் ஸ்கோப்ஸ் மீது 1925இல் நடந்த வழக்கும் விஞ்ஞானத்தின் வெற்றி அல்ல. அம்மாநிலத்தில் 50 டொலருக்கு மேற்பட்ட தண்டத்தை யூரிகளே விதிக்கவேண்டும்; நீதிபதி 100 டொலர் விதித்ததால்தான் 1927இல் அவரைக் குற்றவாளியாக்கிய தீர்ப்பு இரத்தானது. அந்தத் தடைச் சட்டமோ 1967 வரை நீடித்தது.

பயிற்சிப் புத்தகம் தயாரிப்போர் அடுத்த பதிப்பிலாவது இவற்றைச் சேர்க்கவேண்டும்.

உயிரியல் ஆசிரியர்கள் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.