அப்பம்மாவின் மடிப்பு மேசை

அன்புள்ள சிவா,

சுகம்தானே மச்சான்? மேசையை முடித்துவிட்டு எழுதலாம் என்றிருந்தேன், நேற்றுத்தான் முடிந்தது.

வெள்ளவத்தை வீட்டில் சுவரோரம் நின்ற அப்பம்மாவின் தேக்கு மேசை உனக்கு ஞாபகம் இருக்கும், பக்கப்பலகையைத் தூக்கினால் ஆறு பேர் சாப்பிடலாம். அந்தப் பலகை கறையான் அரித்துப் போனது. மொரட்டுவைத் தச்சுப்பட்டறையில் கேட்டால் புதுப் பலகையை மெசினில் அரை மணியில் வெட்டித் தருகிறோம் என்றார்கள், ஆனால் நடுப்பலகையின் விளிம்பு கையால் சீவிய கால்வட்டம், தேய்ந்தும் போயிருக்கிறது. மெசினின் வட்டம் அதற்கு ஒத்துவராது. பக்கப்பலகையின் குழிவு அந்த வளைவின் மேல் அப்படியே உட்கார்ந்து, இறக்கும்போது இடைவெளி காட்டாமல் அதைச் சுற்றி வழுக்கிப் போகவேண்டும்.

அப்பாவின் பெட்டியைத் திறந்தேன். பீச் மரத்துச் சீவுளிகள், சோடி சோடியாக: அடி குழிந்தது குவிவைச் சீவும், அடி குவிந்தது குழிவைச் சீவும். ஒன்றின் மூக்கில் இரண்டு பேரின் பெயர் குத்தியிருக்கிறது, அப்பாவுக்கு முன் அதைப் பிடித்த ஓடாவிமார், அதாவது தச்சர்கள்.

அலகைத் தீட்டவே ஒரு நாள் போனது, அதன் வளைவு சீவுளியின் அடியோடு மயிரிழை பிசகாமல் ஒத்திருக்கவேண்டும். அப்புறம் புதுப் பக்கப்பலகையின் மூலையில் ஒரு படி வெட்டினேன், படியின் இரண்டு விளிம்பிலும் சீவுளி உட்கார்ந்து தானாக நேரே ஓடும். தூரத்து முனையில் சின்ன இழுப்பாகத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் வரவேண்டும். அடியில் மெழுகுதிரி தேய்த்துவிட்டால் சத்தமே மாறிவிடும், சீவல் முழுநீளச் சுருளாக விழும். கடைசியில் நடுப்பலகையின் வளைவில் பென்சில் கரி பூசிப் பொருத்திப் பார்த்து, கறுப்பு ஒட்டிய இடத்தை மட்டும் சுரண்டினேன்.

பலகையை மடிக்கும் பிணைச்சலில்தான் (கீல்) பிழை விட்டேன். அதன் ஆணி வளைவின் வட்ட மையத்தில் சரியாக நிற்கவேண்டும், நான் ஒரு மில்லிமீற்றர் தள்ளிப் பூட்டிவிட்டேன், பாதியில் பலகை இறுகி நின்றது. துளைகளில் தேக்கு முளை அடித்து மறுபடி பூட்டினேன். இப்போது ஒரு விரலால் இறக்கலாம், மச்சான்!

சரி, ஒரு உதவி. நல்லூர் வீட்டில் உன் தாத்தாவின் சீவுளிப் பெட்டி இருந்ததே, விற்றுவிடாதே. பின்பக்கத்தில் இலக்கம் குத்தியிருக்கும், 8 உள்ள சோடி இருக்கிறதா என்று பார்த்து எழுது. ஆடிவேலுக்கு வந்தால் இந்த மேசையில் சாப்பிடலாம்.

அன்புடன்,
ரவி