பழைய இன்டெக்ராவில் முதல் செலவு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி வாசகர் பகுதியில் வந்த இரண்டு கடிதங்களையும் படித்தேன். ஒருவர் அவற்றை ஓட்டை உடைசல் என்கிறார். மற்றவர் ஹோண்டா எஞ்சினுக்குச் சாவே கிடையாது என்கிறார். எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப்புறத்து இளைஞர்கள் ஆசைப்படும் இரண்டு கதவு இன்டெக்ராவை, அதாவது 1993 முதல் 2001 வரை வந்த டிசி2-ஐ வைத்துப் பார்த்தால், இருவர் சொல்வதும் பாதி உண்மைதான். அதிலுள்ள 1.8 லிட்டர் பி18சி எஞ்சினின் உலோகம் இன்னும் உழைக்கும். 25 வயதைத் தாண்டிய ரப்பரும் பிளாஸ்டிக்கும் ஈயப்பற்றும்தான் உழைக்காது. ஆனால் கார் கைக்கு வந்ததும் காசு போவது எக்ஸாஸ்டுக்கும் ரிம்முக்கும்!

முதல் செலவு, பிஸ்டன்களோடு சேர்ந்த கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுகளையும் இணைக்கும் டைமிங் பெல்ட்டுக்குப் போகட்டும். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தாலோ பல் தாண்டினாலோ பிஸ்டன் வால்வை முட்டி வளைத்துவிடும். அப்புறம் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றாமல் வேலை ஆகாது. ‘போன வருஷம்தான் மாற்றினேன்’ என்று விற்பவர் சொன்னால் ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றிவிடுங்கள். மீட்டரில் உள்ள கிலோமீட்டரை நம்புவதற்கில்லை, இவ்வளவு வயதான காரில் மீட்டரே மாறியிருக்கலாம். நம் ஊர் வெப்பத்தில் ஐந்து வருடத்துக்கு மேல் பெல்ட்டை விடக்கூடாது. வாட்டர் பம்பைச் சுழற்றுவதும் அதே பெல்ட் என்பதால் பம்ப், டென்ஷனர், அதன் ஸ்பிரிங், இரண்டு கேம் சீல், கிராங்க் சீல் எல்லாவற்றையும் ஒரே கழற்றலில் மாற்றிவிட வேண்டும். பழைய சீல் கசிந்தால் எண்ணெயில் ஊறி புதுப் பெல்ட்டும் வீணாகும். ஹாஃப்கட் எஞ்சின், அதாவது வெட்டி இறக்குமதி செய்த பழைய காரின் முன்பாதியிலிருந்து எடுத்த எஞ்சின் வாங்கினால் காரில் ஏற்றுவதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது. எஞ்சின் வெளியே இருக்கும்போது எல்லாப் பக்கமும் கை போகும்.

பட்டறைகளில் தவறுவது திருப்பும் திசையில்தான். பி18சி உள்ளிட்ட பி சீரீஸ் எஞ்சின் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்வது. பெல்ட்டைப் போட்டதும் அதே திசையில் கையால் ஐந்தாறு சுற்று சுற்றி அதைப் படியவிட வேண்டும். பிறகு முதல் பிஸ்டனை மேல்முனைக்குக் கொண்டுவந்து, டென்ஷனர் போல்ட்டை அரைச் சுற்று தளர்த்தி, கேம் புல்லி மூன்று பல் நகரும் அளவுக்கு கிராங்கைத் திருப்பி, 54 நியூட்டன் மீட்டருக்கு இறுக்க வேண்டும். அந்த மூன்று பல்லை விட்டுவிட்டால் பெல்ட்டில் இறுக்கம் சரியாக நிற்காது. கிராங்க் புல்லி போல்ட்டுக்கு 177 நியூட்டன் மீட்டர். இம்பாக்ட் கன்னை அழுத்திப் பிடித்துவிட்டு ‘சரியாக இருக்கும்’ என்பதெல்லாம் அளவாகாது. கையால் சுற்றும்போது எங்காவது இடித்தால் பலம் கொடுக்காதீர்கள், குறி தப்பியிருக்கிறது. ராக்கர் கவர் திறந்திருக்கும்போதே வால்வு இடைவெளியையும் பார்த்துவிடலாம். எஞ்சின் ஆறியிருக்கும்போது இன்டேக் 0.15 முதல் 0.19 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.17 முதல் 0.21.

அடுத்தது, வெயிலில் நிறுத்திய கார் மதியம் ஸ்டார்ட் ஆகாமல், மாலையில் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும் மர்மம். இதற்குப் பெட்ரோல் பம்பை மாற்றிப் பணத்தை விடுகிறவர்கள் அதிகம். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்பிக் காது கொடுங்கள். பின்பக்கமிருந்து பம்ப் இரண்டு விநாடி முனகி நிற்க வேண்டும். செக் எஞ்சின் விளக்கும் எரிந்து அணைய வேண்டும். விளக்கு அணைந்தும் பம்ப் முனகவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பம்புக்கு மின்சாரம் விடும் சுவிட்சான, டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள மெயின் ரிலேயை. அதன் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, பலகையின் அடிப்புறத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். தடித்த பின்களைச் சுற்றி ஈயத்தில் மயிரிழை வளையமாக விரிசல் தெரியும். சூட்டில் விரிசல் அகன்று தொடர்பு அறுகிறது, ஆறியதும் ஒட்டிக்கொள்கிறது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்ற வைத்தால் முடிந்தது. மேலாக ஒரு சொட்டு வைத்தால் சில மாதத்தில் திரும்ப வரும்.

ஓடும்போதே எஞ்சின் அணைந்து, அந்த நொடியே ஆர்பிஎம் முள் பூஜ்யத்துக்கு விழுந்தால் அது ரிலே அல்ல, பிளக்குகளுக்குப் பொறியைப் பகிர்ந்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர். காயில், இக்னைட்டர் இரண்டும் அதற்குள்ளேயே இருக்கின்றன. மூடியைத் திறந்து ரோட்டருக்கு அடியில் செந்தூள் கண்டால் பேரிங் தேய்ந்துவிட்டது. இக்னைட்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை.

ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி கறுப்பிலிருந்து பழுப்பு நிறத்துக்கு வந்திருந்தால் வெடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். சூடு ஏறுகிறது என்று தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறியும் வழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. இந்தக் காரில் அது தப்பு. தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டாமல் விடெக், அதாவது அதிக ஆர்பிஎம்மில் வால்வுகளைக் கூடுதலாகத் திறக்கும் அமைப்பு, வேலை செய்யாது. எஞ்சின் சூடாகவில்லை என்று கணினி பெட்ரோலைக் கூட்டிக் கொட்டும். குழாய்த் தண்ணீரும் வேண்டாம், அலுமினியம் அரிக்கும். கூலன்ட் ஊற்றும்போது தெர்மோஸ்டாட் பக்கமுள்ள காற்று போல்ட்டைத் திறந்து, குமிழி இல்லாமல் வழியும்வரை விடுங்கள்.

எஞ்சின் எண்ணெய் ஃபில்டரோடு சுமார் 4 லிட்டர். பெட்ரோல் போடும்போதெல்லாம் குச்சியை எடுத்துப் பாருங்கள். எண்ணெய் குறைந்தாலும் விடெக் வேலை செய்யாது. இன்டெக்ராவின் வேகமான ரகமான டைப் ஆர் என்றால் அழுத்த விகிதம் 11.1, அதற்கு ரோன்97 பெட்ரோல்தான்.

செம்பனைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் நிறுத்துபவர்களுக்குத் தனித் தொல்லைகள் உண்டு. முன் கண்ணாடிக்குக் கீழேயுள்ள வடிகாலில் சருகு அடைத்தால் மழைநீர் உள்ளே இறங்கும். பின் விளக்கு கேஸ்கெட் காய்ந்துபோனால் ஸ்பேர் டயர் குழியில் தண்ணீர் தேங்கிப் பின்சக்கர வளைவோடு சேர்ந்து துரு ஏறும். மாதம் ஒருமுறை டயரைத் தூக்கிப் பாருங்கள். எலியைப் பிடிக்கத் தோட்டங்களில் கூகை வளர்க்கிறார்கள், ஆனால் உங்கள் பானெட்டுக்குள் கூகை வராது. எலி கடித்த ஒயர்களை நீங்களேதான் பார்க்க வேண்டும்.

பள்ளம் நிறைந்த செம்மண் பாதையில் முதலில் போவது பின் டிரெய்லிங் ஆர்ம் புஷ், அதாவது பின்சக்கரத்தைத் தாங்கும் கையைக் காரோடு இணைக்கும் ரப்பர். ரப்பர் கிழிந்தால் வளைவில் பின்பக்கம் தானாகத் திசை மாறும், டயரின் உள்விளிம்பு தேயும். புது புஷ்ஷைப் போட்டபின், சக்கரம் தரையில் நிற்கும் உயரத்தில்தான் போல்ட்டை இறுதியாக இறுக்க வேண்டும். ஜாக்கில் தொங்கவிட்டு இறுக்கினால் காரை இறக்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொள்ளும், சீக்கிரமே கிழிந்துவிடும்.

வாங்கப் போகும்போது சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் மீட்டர் கொண்டுபோங்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து, ஸ்டார்ட்டரைச் சுழற்றிப் பாருங்கள். சிலிண்டர்களுக்கிடையே 200 கிலோபாஸ்கலுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. சாலை வரி பெரிய சுமையல்ல. 1,797 சிசிக்கு, தனியார் பெயரில், தீபகற்பத்தில் ஆண்டுக்கு 278 வெள்ளி 80 காசு. தலைவலி கிராண்டில், அதாவது காரின் பதிவுச் சான்றிதழில்தான். எஞ்சின் மாற்றி அதை ஜே.பி.ஜே.யில் (சாலைப் போக்குவரத்துத் துறையில்) பதியாத கார்கள் நிறைய. பிளாக்கில் அடித்துள்ள எண்ணையும் சேசிஸ் எண்ணையும் கிராண்டோடு ஒப்பிடுங்கள். பொருந்தாத கார் பெயர் மாற்றத்துக்கான பி5 ஆய்வில் சிக்கிக்கொள்ளும். எண் ஒத்துப்போகும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்.