செயலாளரின் ஆண்டறிக்கை: நீதிபதி அன்னா சாண்டியைப் படித்த ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நாகர்கோவிலில் இயங்கும் நமது வாசகர் மன்றம், இவ்வாண்டுக் கூட்டங்களில் பெரும்பகுதியை இந்தியாவின் முதல் பெண் உயர் நீதிமன்ற நீதிபதியான அன்னா சாண்டியின் பணிவாழ்வை அறிவதற்கே ஒதுக்கியது. கேரளத்து நீதிபதி நமக்கு எதற்கு என்று முதல் கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். 1937இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் திவான் (முதன்மை அமைச்சர்) சர் சி.பி. இராமசாமி ஐயர் அவரை முன்சீபாக, அதாவது கீழ்நிலை உரிமையியல் நீதிபதியாக, நியமித்தபோது, பின்னர் நம் குமரி மாவட்டமான தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூரில்தான் இருந்தன. மூத்த உறுப்பினர் ஒருவர், கொல்லம் ஆண்டு 1112 (கி.பி. 1936-37) என்று எழுதி, திருவிதாங்கூரின் சங்கு முத்திரை பதித்திருந்த தம் குடும்பத்து நிலப் பத்திரத்தைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். மடிப்புகளில் இற்றுப்போயிருந்த அந்தத் தாளைக் கண்டபின் அக்கேள்வி மறுபடி எழவில்லை.

1905இல் திருவனந்தபுரத்தில் பிறந்த அன்னா சாண்டி, வழக்கறிஞராகத் தொழில் செய்துகொண்டே 'ஸ்ரீமதி' என்ற மகளிர் இதழையும் நடத்தினார். திருவிதாங்கூரின் சட்டசபையான ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கான தேர்தலில் 1931இல் அவதூறுகளுக்கு நடுவே தோற்று, மறு ஆண்டே வென்றார். மணமான பெண்களுக்கு அரசு வேலை கூடாது என்று வாதிட்ட அறிஞர் டி.கே. வேலுப்பிள்ளைக்குத் திருவனந்தபுரம் மேடையொன்றில் அவர் ஒவ்வொன்றாக மறுப்புரைத்ததைப் பற்றித்தான் நம் கூட்டங்களில் நெடுநேரம் பேசினோம். மலையாளம் வாசிக்கத் தெரிந்த விளவங்கோட்டு உறுப்பினர்கள் அவரது தன்வரலாற்றைப் படித்துத் தமிழில் எடுத்துச் சொன்னது பேருதவியாக இருந்தது.

1948இல் மாவட்ட நீதிபதியான அவர், 1959 பிப்ரவரி 9 அன்று கேரள உயர் நீதிமன்ற நீதிபதியாகப் பொறுப்பேற்று 1967 ஏப்ரல் வரை பணியாற்றினார். பின்னர் சட்ட ஆணையத்திலும் உறுப்பினராக இருந்தார். வரப்புத் தகராறும் கடன் பாக்கியும் வந்து நிற்கும் முன்சீப் கோர்ட்டிலிருந்து படிப்படியாக மேலேறியவர் என்பதையே நான் அவரது பெரிய தகுதியாகக் கருதுகிறேன்.

அவர் உயர் நீதிமன்றம் சென்றபோது நாம் அந்த எல்லைக்குள் இல்லை. 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்த நாம், பக்கத்துத் திருவனந்தபுரத்துக்கு வழக்குக் கட்டோடு போய்வந்த காலத்தை மறந்து, 2004இல் மதுரைக் கிளை திறக்கும் வரை மேல்முறையீட்டுக்குச் சென்னைக்கு ரயிலேறினோம்.

ஐப்பசிக் கூட்டம் மட்டும் மழையால் தள்ளிப்போயிற்று. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்