மூத்த சிஸ்டர்களுக்கு லீவு கொடுங்கள்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் மருத்துவமனைகளை நடத்துகிறவர்களுக்கும், செவிலியர் பணிப்பட்டியலில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கும் வணக்கம்.

நான் 33 வருடம் வார்டில் நின்றவள். ஓய்வு பெற்று இப்போது திருப்பாலையில் இருக்கிறேன். எனக்கென்று கேட்க ஒன்றும் இல்லை. ஐம்பது வயதைத் தாண்டியும் நைட் டூட்டி பார்க்கும் சிஸ்டர்களுக்காக எழுதுகிறேன்.

என்னோடு வேலை பார்த்த ஒரு அக்கா. எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். அவருக்கு இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு சுருண்டு புடைத்திருக்கும். டூட்டிக்கு வந்ததும் உடை மாற்றும் அறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பாதத்தில் தொடங்கி முழங்கால் வரை கிரேப் பேண்டேஜ் சுற்றுவார். ஷிப்ட் முடிந்து அவிழ்த்தால் தோலில் வரி வரியாகத் தடம் இருக்கும், விரலால் அழுத்தினால் குழி விழும். ஆபரேஷனுக்காக மூன்று முறை ஈ.எல். (ஈட்டிய விடுப்பு) எழுதிக் கொடுத்தார். முதல் தடவை டெங்கு. அடுத்து சித்திரைத் திருவிழா. அப்புறம் கொரோனா. மூன்று தடவையும் ஒரே பதில்: "ஆள் இல்லம்மா, நீங்களே இப்படிக் கேட்டா எப்படி?"

அந்த 'நீங்களே' என்ற சொல்தான் எங்களைக் கட்டிப் போட்டது. புதிதாக வந்த பிள்ளை லீவு கேட்டால் யோசிக்கிறீர்கள், மறுத்தால் வேலையை விட்டுப் போய்விடுவாள் என்று தெரியும். நாங்கள் போக மாட்டோம் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

அவர் இல்லாமல் வார்டு ஓடாது என்பது பொய்யில்லை. டெங்கு சீசனில் ஒரு சிறுவனுக்குக் காய்ச்சல் இறங்கியதும் அவன் அம்மா சந்தோஷமாகக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். அந்த வழியாகப் போன அக்கா சும்மா அவன் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார், சில்லென்று இருந்தது. பி.பி. பார்த்தால் மேலே 90, கீழே 75. இரண்டுக்கும் இடைவெளி இப்படிச் சுருங்கினால் டெங்குவில் உயிருக்கே ஆபத்து. அடுத்த நிமிடம் டாக்டர் வந்தார், டிரிப் ஓடியது, பிள்ளை பிழைத்தான். அந்தக் கை ஒரு வருடத்தில் பழகி வருவதில்லை. அதனால்தான் அது ஓய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

'போர்க்கால அடிப்படையில்' என்று எல்லா அறிக்கையிலும் எழுதுகிறோம். சரி, போர்க்காலத்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போர் நடக்கும்போது, நாட்டின் சுகாதார நிலையை ஆராய சர் ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையில் அமைத்த குழு 1946-இல் அறிக்கை கொடுத்தது. அன்றைய இந்தியா முழுக்க சுமார் 7,000 நர்ஸ்கள்தான், 43,000 பேருக்கு ஒருவர் என்று அதில் இருக்கிறது. அது நிஜமான பஞ்சம். 2025 மே மாதம் பாகிஸ்தானோடு மோதல் வந்தபோது வடக்கே பல மருத்துவமனைகளில் லீவை ரத்து செய்தார்கள். அதையும் நான் குறை சொல்ல மாட்டேன், குண்டு விழும் நேரத்தில் எந்த சிஸ்டரும் வீட்டில் உட்கார மாட்டாள். ஆனால் அந்த மோதல் நான்கு நாளில் நின்றது. நம் வார்டில் ஒரு நெருக்கடி முடிவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. வருடா வருடம் வரும் டெங்குவையும், பஞ்சாங்கத்தில் தேதி போட்டிருக்கும் அழகர் ஆற்றில் இறங்குவதையும் எதிர்பாராத அவசரம் என்று எப்படிச் சொல்வீர்கள்?

லீவு போடுகிறவர்களுக்கு மாற்றாக 30 சதவீதம் கூடுதல் ஆள் வேண்டும் என்று இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிமுறையே சொல்கிறது. லீவ் ரிசர்வ் என்பது அதுதான். அந்த இடங்களை நிரப்புங்கள். 2015-இல் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்து பணி நிரந்தரத்துக்காகக் காத்திருந்த பிள்ளைகளைப் பார்த்த எனக்கு, வேலைக்கு ஆளே கிடைக்கவில்லை என்பதை நம்ப முடியவில்லை.

நான் கேட்பது பெரிதில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய ஒவ்வொரு செவிலியருக்கும் வருடத்தில் 15 நாள், சேர்ந்தாற்போல், சம்பளத்தோடு விடுப்பு. வருடத் தொடக்கத்திலேயே தேதி குறித்துப் பட்டியலில் ஏற்றிவிடுங்கள். உண்மையிலேயே பேரிடர் வந்து நிறுத்த வேண்டியிருந்தால், காரணத்தையும் மாற்றுத் தேதியையும் எழுத்தில் கொடுங்கள். "பார்க்கலாம்" என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பாதீர்கள். லீவு கேட்டு உங்கள் மேசை முன்னால் நிற்கிறவளை, கடமை தவறியவளைப் போலப் பார்க்காதீர்கள்.

அரசுப் பணியில் ஈட்டிய விடுப்பு 240 நாளுக்கு மேல் சேராது, ஓய்வு பெறும்போது அதைப் பணமாகத் தருகிறார்கள். அக்காவுக்கும் முழுதாக 240 நாளுக்கான பணம் வந்தது. அதற்குப் பிறகுதான் ஆபரேஷன் செய்துகொண்டார். போன மாதம் இருவரும் புதுமண்டபம் பக்கம் போனோம். பத்து நிமிடம் நடந்திருப்போம், ஒரு கடைப் படியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். குனிந்து நான் தொட்டுப் பார்த்தேன், குழி விழுந்தது.

அவருக்கு அடுத்து வந்தவர்கள் இன்று காலையும் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு வார்டுக்குள் போயிருக்கிறார்கள். அடுத்த வருடப் பட்டியலை எழுதும்போது முதலில் அவர்களுடைய லீவுத் தேதியைக் குறியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு செவிலியர், மதுரை