அந்த 40 நாளும் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது – ஒரு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம். குடியாத்தத்தில் பீடி சுத்திப் பிழைக்கிற வீடு எங்களுடையது. என் வீட்டுக்காரருக்கு ஷூ கம்பெனியில் வேலை. 2024 பிப்ரவரியில் குடியை விடுவதற்காக அவர் 10 நாள் ஆஸ்பத்திரியிலும், அங்கிருந்து நேராக 30 நாள் அரசு உதவி பெறும் மறுவாழ்வு மையத்திலும் தங்கினார். அன்றிலிருந்து ஒரு சொட்டு தொடவில்லை. ஒரு வருஷமாவது முடியட்டும், அப்புறம் எழுதலாம் என்று காத்திருந்தேன், அதனால்தான் இந்த நன்றி இவ்வளவு தாமதம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிகிச்சைக்குப் போகச் சொன்னபோதெல்லாம் அவர், "நான் உள்ள போயி படுத்துட்டா நீங்க மூணு பேரும் என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்பார். குடிக்கிறவர் சொல்கிற சாக்கு என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது நிஜமான பயம். நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து 1000 பீடி சுத்தினாலும் அந்தக் கூலியில் வாடகையும் கட்டி இரண்டு பிள்ளைகளுக்கும் சோறு போட முடியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் பயத்தைத் தீர்த்து வைத்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

கம்பெனி சங்கத்து அண்ணனுக்கு முதல் நன்றி. சம்பளத்தில் மாசாமாசம் ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்களே, அது மாத்திரை வாங்குவதற்கு மட்டும்தான் என்று நாங்கள் நினைத்திருந்தோம். உடம்பு முடியாமல் வேலைக்குப் போகாத நாட்களுக்குச் சராசரி நாள் கூலியில் 70 சதவீதம் கிடைக்கும், வருஷத்தில் 91 நாள் வரைக்கும் கிடைக்கும் என்று அவர்தான் சொன்னார். ஆனால் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரைக்கும் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா விழுந்திருந்தால்தான் அடுத்த ஜனவரியிலிருந்து ஜூன் வரைக்கும் இந்தப் பணத்தைக் கேட்க முடியும். எங்கள் வீட்டுக்காரரோ சம்பளம் வாங்கின கையோடு இரண்டு மூன்று நாள் காணாமல் போகிற ஆள். சம்பளச் சீட்டையெல்லாம் அரிசி டிரம் மேல் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தேன். அண்ணன் ராத்திரி ஒன்பது மணிக்கு எங்கள் வாசல்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தார். 83 நாள். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

மறுநாள் கம்பெனியில், "குடிச்சிட்டுப் படுக்கிறவனுக்கு எதுக்குப் பணம், வேற ஆளைப் போட்டுக்கிறோம்" என்றார்கள். அண்ணன் சத்தம் போடவே இல்லை. இந்த நோய்க்கால உதவித்தொகை வாங்குகிற காலத்தில் ஒரு தொழிலாளியை வேலையை விட்டு எடுக்கக்கூடாது என்று அப்போதிருந்த ஈ.எஸ்.ஐ. சட்டம் 73ஆம் பிரிவைக் காட்டி எழுதியே கொடுத்துவிட்டு வந்தார். அதற்கப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி டாக்டர் அம்மாவுக்கு நன்றி. "குடிக்கெல்லாம் சர்டிபிகேட் தருவாங்களா மேடம்?" என்று பயந்துகொண்டேதான் கேட்டேன். வைத்தியம் தேவைப்படுகிற, அதனால் வேலைக்குப் போக முடியாத நிலைமை எதுவோ அதுதான் சட்டப்படி நோய், இவர் கை நடுங்குவதைப் பார், இது நோய் இல்லாமல் வேறென்ன என்றார். 2017 மனநலச் சட்டத்தில்கூட மதுவால் வருகிற மனநலப் பாதிப்பைச் சேர்த்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். திடீரென்று குடியை நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், அதனால் வீட்டில் வைத்து நிறுத்தக்கூடாது, முதலில் ஆஸ்பத்திரிதான் என்று கண்டிப்பாகச் சொன்னதும் அவர்தான். அதற்கு முந்தின வருஷம் ஒரு தனியார் இடத்தில் பணத்தைக் கட்டிச் சேர்த்தோம், அங்கே அவருக்கு மொட்டை அடித்துப் பாத்திரம் கழுவ விட்டார்கள். கட்டாயமாக மொட்டை அடிப்பதும் கட்டாயப்படுத்தி வேலை வாங்குவதும் கூடாது என்று அதே சட்டத்தில் இருக்கிறது என்று அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது படிக்கிறவர்களுக்காவது தெரியட்டும்.

மையத்தில் சிகிச்சைக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு பைசா வாங்கவில்லை. அங்கே ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் தம்பி, சிகிச்சையில் இருக்கிறார் என்ற கடிதத்தைக் கேட்கிற போதெல்லாம் முகம் சுளிக்காமல் எழுதிக் கொடுத்தார். குடியை விட உதவி கேட்பதற்கு என்று அவர் எனக்குச் சொன்ன 14446 என்கிற இலவச எண்ணை இப்போது நானும் தெருவில் கேட்கிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ரேஷன் கடை அண்ணா, உங்களை மறக்க முடியுமா? குடும்பத் தலைவர் ஒரு மாசம் ஊரில் இல்லாவிட்டால் கார்டிலிருந்து பேரை எடுத்துவிடுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள், நான் ஓடி வந்தேன். "உன் விரலை வைம்மா, கார்டுல பேர் இருக்கிற யார் வெச்சாலும் அரிசி வரும்" என்று சொல்லி அரிசியைப் போட்டுவிட்டுத்தான் அடுத்த ஆளைக் கூப்பிட்டீர்கள். மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாயும் 15ஆம் தேதி என் கணக்கில் விழுந்தது. அது என் பேரில் வருகிற பணம், அவர் எங்கே இருந்தாலும் அது நிற்காது என்று எங்கள் மகளிர் குழுத் தலைவி அக்கா தைரியம் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் இரண்டு தவணை குழுக் கடனையும் எனக்காகக் கட்டினார்கள் குழுவில் இருந்தவர்கள். பீடி இலையையும் தூளையும் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்த கான்ட்ராக்டருக்கும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் காலைச் சாப்பாடு போட்ட அம்மாக்களுக்கும் என் கும்பிடு.

ஈ.எஸ்.ஐ. பணம், முதல் 2 நாளைக் கழித்துவிட்டு மீதி 38 நாளுக்கு, நாளுக்கு 336 ரூபாய் வீதம் 12,768 ரூபாய் வந்தது. ஒரே தடவையில் வரவில்லை, இரண்டு தடவையாக வந்தது. முதல் பணத்தை எடுத்து வாடகை கொடுத்தேன். மையத்தில் பார்க்கப் போன அன்று வங்கிப் புத்தகத்தைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் வீட்டுக்கு வருகிறேன் என்று அவர் அடம்பிடிக்கவில்லை.

கடைசியாக ஒருவர் பாக்கி. டிஸ்பென்சரி வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அக்கா, உங்கள் பேர்கூட எனக்குத் தெரியாது. பச்சைப் புடவை, கையில் கட்டு. "டாக்டர் பர்மிஷன் இல்லாம வேற எடத்துல போயி தங்கினா பணத்தை நிறுத்திடுவாங்க, மொதல்ல அதை எழுதி வாங்கு" என்று நீங்கள் திரும்பிப் பார்த்துச் சொல்லாமல் இருந்திருந்தால், மையத்தில் இருந்த அந்த 30 நாள் பணம் எங்களுக்கு வந்தே இருக்காது. உங்கள் முறை வந்தும் போகாமல், என் மனுவை எழுதி முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் நின்றீர்கள். உங்கள் பேனா என்னிடமே தங்கிவிட்டது. மாத்திரை வாங்க இப்போதும் அதே டிஸ்பென்சரிக்குத்தான் அவரோடு வருகிறேன். என்னைப் பார்த்தால் கூப்பிடுங்கள் அக்கா.