டி செல்லைத் தூண்டுவது அத்தனை எளிதல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நோயாளியின் டி செல்களை (நோயெதிர்ப்பு வெள்ளை அணுக்களை) எடுத்து, மரபணுவை மாற்றி, புற்றுநோயைத் தாக்கத் திருப்பிச் செலுத்தும் கார்-டி சிகிச்சை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். மரபணுவை மாற்றும் பகுதியைத் தெளிவாக எழுதியிருந்தீர்கள். ஆனால், ‘டி செல்களைத் தூண்டிப் பெருக்குகிறார்கள்’ என்று ஒரே வரியில் கடந்துபோனது எனக்குக் குறையாகப் பட்டது. அந்தத் தூண்டலைப் புரிந்துகொள்ளத்தான் பல ஆய்வகங்கள் ஆண்டுக்கணக்காகப் பாடுபடுகின்றன.

பூட்டில் சாவி நுழைவது போல, டி செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பி என்ற புரதத்தில் சரியான மூலக்கூறு பொருந்தினால் டி செல் விழித்துக்கொள்ளும் என்றுதான் படித்திருக்கிறோம். பொருந்தினால் மட்டும் போதாது. அந்த மூலக்கூறுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி இருக்கின்றன, எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்பதையும் டி செல் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? உண்மையான செல்லின் மேற்பரப்பில் மூலக்கூறுகள் அலைந்துகொண்டே இருக்கும். இடைவெளியை நாம் வைத்த இடத்தில் நிறுத்த முடியாது. அதனால் செல்லைப் போல நடிக்கும் ஒரு தளத்தைச் செய்கிறார்கள். தங்க உப்பைச் சுமந்த நுண்ணிய பாலிமர் உருண்டைகள் மிதக்கும் கரைசலில் கண்ணாடித் துண்டை முக்கி, மெதுவாக வெளியே எடுக்கிறார்கள். உருண்டைகள் அறுகோண ஒழுங்கில் படிகின்றன. பிளாஸ்மாவில் (மின்னேற்றம் பெற்ற வாயுவில்) பாலிமரை எரித்துவிட்டால், சில நானோ மீட்டர் (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) அளவுள்ள தங்கப் புள்ளிகள் மட்டும் மிஞ்சும். பாலிமர் சங்கிலியின் நீளத்தை மாற்றினால் புள்ளிகளின் இடைவெளியும் மாறும். அப்புறம் புள்ளிகளில், ஏற்பியைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடி என்ற புரதத்தை ஒட்டி, நடுவில் உள்ள வெற்றிடத்தில் செல் ஒட்டாதபடி பூச்சு கொடுக்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இடைவெளியைக் கூட்டினால் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் குறைந்துவிடும். அப்போது டி செல்லின் பதில் குறைந்தால் அது எதனால், தூரத்தாலா எண்ணிக்கையாலா? 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு எண்ணிக்கைதான் முக்கியம் என்றது. 2018-இல் நேச்சர் நானோடெக்னாலஜி இதழில் வந்த ஆய்வில் புள்ளிகளைக் கொத்துக்கொத்தாக அமைத்து, சுற்றிலும் நகரும் கொழுப்புப் படலத்தை விரித்தார்கள். புள்ளிகள் படலத்தின் மட்டத்திலேயே இருந்தபோதும், 10 நானோ மீட்டர் உயர்த்தப்பட்டபோதும், செல்களின் பதில் வெவ்வேறாக இருந்தது. அந்த வேறுபாடும் பக்கவாட்டு இடைவெளியைப் பொறுத்து மாறியது. சிடி45 என்ற நெட்டையான புரதம், ஏற்பி எழுப்பும் சமிக்ஞையை அணைக்கக்கூடியது. செல்லும் தளமும் நெருங்கி ஒட்டும் இடத்திலிருந்து அது வெளியே தள்ளப்படும். புள்ளியை உயர்த்தினால் அது ஏற்பியின் அருகே வந்துவிடும். வெறும் 10 நானோ மீட்டரில் இவ்வளவு நடக்கிறது என்பது என்னை இன்னமும் வியக்க வைக்கிறது.

சிகிச்சைக்கான டி செல்களை இன்று பல இடங்களில் ஆன்டிபாடி பூசிய நுண்ணிய மணிகளால் தூண்டுகிறார்கள். பழக்கப்பட்ட, பயன் தரும் முறைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மணிகளில் மூலக்கூறுகள் ஒழுங்கில்லாமல் அப்பிக் கிடக்கின்றன. அளவுக்கு மீறித் தூண்டப்பட்ட டி செல் களைத்துப்போய், புற்றுச் செல்லைக் கொல்லும் திறனை இழக்கலாம். இடைவெளியையும் உயரத்தையும் அறிந்து தூண்டினால் நோயாளிக்குத் திரும்பிப் போகும் செல்கள் இன்னும் தரமாக இருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். கண்ணாடித் துண்டில் செய்வதைப் பெரிய அளவுக்குக் கொண்டுபோவது கடினம்தான். அதற்காகவே இந்தத் துறைக்கு நிதியும் கவனமும் வேண்டும்.

இந்தத் தளங்களைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை, படங்களோடு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உயிர்வேதியியல் ஆய்வு மாணவி