பாலத்துக்கு வயதாகிவிட்டது என்கிறீர்களா?

மதிப்பிற்குரிய எஸ்டேட் அறங்காவலர்களுக்கு,

வணக்கம். ஓடை மேலுள்ள கல் நடைப்பாலத்தில் நீங்கள் மாட்டியிருக்கும் புது அறிவிப்பைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். 'வயதின் காரணமாகக் கற்கள் உதிர்வதால்' பாலம் காலவரையின்றி மூடப்படுகிறதாம். ஆனால் பழியை வயதின் மேல் போடுவதை மட்டும் சும்மா விட மனம் வரவில்லை.

கிழக்குப் பக்க வளைவைக் கிட்டப் போய்ப் பாருங்கள். போன மராமத்தில் இடுக்குகளில் அப்பிய சிமெண்ட் விளிம்பு விளிம்பாக அப்படியே நீட்டிக்கொண்டிருக்கிறது. குழிந்து போனது கல்தான். விரலால் தடவினால் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. சிமெண்ட் படாத மேற்குப் பக்கத்திலும் அதே கல், அதே வயது. அங்கே உளித்தடம்கூட அழியவில்லை.

காரணம் எந்தக் கொத்தனாருக்கும் தெரியும். மேலே விழும் மழைநீர் பாலத்துக்குள் இறங்கும். சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தைத் தன் வழியே வெளியே விடும். தேய வேண்டியிருந்தால் அதுதான் முதலில் தேயும், கல் தப்பிக்கும். சிமெண்ட் வழியை அடைத்துவிட, ஈரம் கல் வழியாக வெளியேறப் பார்க்கிறது. அந்த ஈரத்தில் கரைந்த உப்பு கல்லுக்குள்ளேயே படிந்து முகப்பை உரித்துத் தள்ளுகிறது. போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கியதே 1824-ல்தான். பாலம் அதற்கும் மூத்தது என்று உங்கள் பெயர்ப்பலகையே பெருமையடிக்கிறது!

ஆகவே, அந்தச் சிமெண்டை எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூசுங்கள். பழைய முறை போதாதபோதுதான் புது முறை, அதுவும் பலன் நிரூபணமானதாக இருக்க வேண்டும் என்று பழம்பெரும் கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றிய 1964-ஆம் ஆண்டின் சர்வதேச வெனிஸ் சாசனம் சொல்கிறது. இங்கே பழைய முறையை யாரும் முயன்றுகூடப் பார்க்கவில்லை.

பாலம் திறக்கும்வரை நடப்பவர்கள் எல்லாம் நடைபாதையே இல்லாத தார்ச்சாலையில் வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போக வேண்டியதுதான். வாசல் கடையில் பாலத்தின் படம் போட்ட குவளை மட்டும் ஜோராக விற்கிறது. பாலத்தைவிடக் குவளை நல்ல நிலையில் இருக்கிறது. பராமரிப்பு என்றால் புல்வெட்டுவதும் விளக்கு மாட்டுவதும்தான் என்று யார் முடிவு செய்தார்களோ!

சரி, கோபத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: சிமெண்டை எடுத்துவிடுங்கள். அறுக்கும் மெஷின் வேண்டாம், கல்லின் ஓரத்தையும் சேர்த்து அறுத்துவிடும். கை உளியே போதும். உறைபனியில் சுண்ணாம்பு இறுகாது என்பதால் குளிர்காலத்துக்கு முன்பே தொடங்கி, பூசிய இடத்தை ஈரச்சாக்கு போட்டு மூடி வைக்கச் சொல்லுங்கள். வேலையை யாரிடம் ஒப்படைக்கிறீர்கள், எப்போது தொடங்குகிறீர்கள் என்பதை அந்த அறிவிப்புப் பலகையிலேயே எழுதிவிட்டால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
பாலத்தில் நடந்து பழகிய ஒருவன்